குளிசைப் பெட்டி யாருடைய கைக்கு?

மொன்றியல் நகரின் பெயர் ஒரு குளிசைக்குள் இருக்கிறது. (குளிசை என்பது எங்கள் பக்கத்துச் சொல். தமிழக வாசகர்கள் மாத்திரை என்று வாசித்துக்கொள்ளலாம்.) ஆஸ்துமாக்காரர்கள் மாலையில் எடுக்கும் மொன்ரெலுகாஸ்ட் என்ற மருந்தின் பெயரில் முன்னால் நிற்கும் அசை இந்த நகரத்தைக் குறிப்பது. மேர்க் கொம்பனியின் மொன்றியல் ஆய்வுகூடத்தில் உருவான மருந்து என்பதால் வந்த பெயர். 1899இல் சார்ள்ஸ் ஃப்ரொஸ்ட் என்பவர் இங்கே தொடங்கிய மருந்துக் கொம்பனியை 1965இல் மேர்க் வாங்கியது. அதன் வழிவந்த ஆய்வுகூடம் நகரின் மேற்கே கேர்க்லண்டில் இயங்கி 2010இல் மூடப்பட்டது. ஆய்வுகூடம் போய்விட்டது. பெயர் மட்டும் இன்னமும் உலகம் முழுக்க விழுங்கப்படுகிறது.

அந்த மருந்தோடு வரும் குறிப்பில் ஒரு எச்சரிக்கை உண்டு: ஒளியும் ஈரமும் படக்கூடாது, வந்த பொதியிலேயே வைத்திருக்க வேண்டும். நம்மில் அனேகர் வாசிக்காமல் கடந்துபோகும் வரி இது. ஆனால் அது சொல்வது சின்ன விஷயம் அல்ல. மருந்தைப் போலவே மருந்தின் உறையும் மருந்தின் ஒரு பகுதி. உறையைப் பிய்த்துக் குளிசையை வேறொரு டப்பாவில் கொட்டியவுடன், ஆய்வுகூடத்தில் பரிசோதித்த அதே மருந்து நம்மிடம் இருக்கிறது என்று சொல்வதற்கில்லை.

ஒரு குளிசையின் பொதி நான்கு வேலைகளைச் செய்ய வேண்டியிருக்கிறது. மருந்தைக் கெடாமல் காக்க வேண்டும். குழந்தையின் கைக்குத் திறக்கக் கூடாது. நோயாளியின் கைக்குத் திறக்க வேண்டும். உள்ளே இருப்பது என்ன, எப்போது எடுப்பது என்று சொல்ல வேண்டும். முதல் இரண்டிலும் பொறியியல் வெற்றி பெற்றுவிட்டது. மூன்றாவதில் பாதி வெற்றி. நான்காவதில், அதிலும் எங்களைப் போல் வேற்றுமொழி நாட்டில் முதுமை அடைகிறவர்கள் விஷயத்தில், இன்னும் சரியாகத் தொடங்கவே இல்லை என்பதுதான் இந்தக் கட்டுரையின் கவலை.

ஈரமும் வெயிலும்

பழைய அஸ்பிரின் போத்தலைத் திறந்தால் சில வேளைகளில் வினாகிரி வாடை அடிக்கும். ஈரம் பட்டு அஸ்பிரின் உடைந்து அசெற்றிக் அமிலம் உண்டாவதன் அடையாளம் அது. ஈரம் இப்படிக் கண்ணுக்குத் தெரியாமல் வேலை செய்யும். அதைத் தடுக்கத்தான் போத்தலுக்குள் சிலிக்காப் பொட்டலம், குமிழ் அட்டையின் முதுகில் அலுமினியத் தாள், ஒளியை மறிக்கும் தேன்நிறப் பிளாஸ்ரிக் எல்லாம். குமிழ் அட்டைகளில் சாதாரணமாகக் காண்பது பி.வி.சி. பிளாஸ்ரிக். அது ஈரத்தை ஓரளவுக்குத்தான் தடுக்கும். ஈரத்துக்கு அதிகம் பயப்படும் மருந்துகளுக்கு முன்னும் பின்னும் அலுமினியமாகவே இருக்கும் அட்டை உண்டு. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது, விலையும் கூட. ஆனால் காவல் பலமானது.

எந்தக் காவல் போதும் என்பது ஊரைப் பொறுத்தது. ஒரு மருந்து எவ்வளவு காலம் கெடாமல் இருக்கும் என்று பார்க்கும் சோதனை, கனடா போன்ற நாடுகளுக்கு 25 பாகை செல்சியஸ், 60 விழுக்காடு ஈரப்பதத்தில் நடக்கிறது. வெப்பமும் புழுக்கமும் மிகுந்த நாடுகளுக்கு 30 பாகை, 75 விழுக்காடு. அதாவது காலாவதித் திகதி என்பது குளிசைக்கு மட்டும் உரியதல்ல. குளிசையும் உறையும் ஊரும் சேர்ந்ததுக்கு உரியது. ஊருக்குப் போகிறவர்களின் பெட்டியில் பெரிய போத்தல் ரைலனோலும் விற்றமினும் அனுப்பிவைக்கும் நாம் இதை நினைப்பதில்லை. ஐந்நூறு குளிசை கொண்ட போத்தல் யாழ்ப்பாணத்து அடுப்படியில் ஒரு நாளைக்குப் பத்துத் தரம் திறந்து மூடப்படும்போது, அதன் மேல் அச்சடித்த திகதிக்கு இங்கிருந்த அதே உத்தரவாதம் இல்லை. அங்குள்ள கடையில் அட்டையில் வாங்கும் பனடோல் அந்தக் காலநிலையை எண்ணிச் செய்யப்பட்ட பொதியில் இருக்கிறது.

வின்ஸரில் ஒரு குழந்தை வைத்தியர்

இரண்டாவது வேலையில் கனடாவுக்கு ஒரு பெருமை உண்டு. ஒன்ராறியோ மாகாணத்தின் வின்ஸர் நகரில் ஒத்தேல் டியூ மருத்துவமனையில் குழந்தை மருத்துவத்துக்கும் நஞ்சுத் தடுப்பு நிலையத்துக்கும் பொறுப்பாக இருந்தவர் வைத்தியர் ஹென்றி பிரோ. பெரியவர்களின் குளிசைகளை இனிப்பு என்று எண்ணி விழுங்கிய குழந்தைகளின் வயிற்றைக் கழுவுவதே அவரது இரவு வேலையாக இருந்தது. கவனமாக வையுங்கள் என்று பெற்றோருக்குச் சொல்லிச் சொல்லிப் பார்த்தார். பயன் இல்லை. புத்திமதியால் ஆகாததை மூடியால் செய்யலாம் என்ற முடிவுக்கு வந்தார். 1962இல் தற்செயல் நஞ்சூட்டலைக் கட்டுப்படுத்த ஒரு சங்கம் தொடங்கினார். உள்ளூர்க் கருவித் தொழிற்சாலை ஒன்றின் தலைவர் பீற்றர் ஹெட்ஜ்விக் உருவாக்கிய மூடி 1967இல் வந்தது. உள்ளங்கையால் அமுக்கித் திருகினால்தான் திறக்கும். வின்ஸர் பகுதியில் குழந்தைகள் மருந்து விழுங்கும் சம்பவங்கள் 91 விழுக்காடு குறைந்ததாகக் கணக்கு. 1974இல் ஒன்ராறியோ இத்தகைய மூடிகளைக் கட்டாயமாக்கியது. அமெரிக்காவில் 1970இலேயே சட்டம் வந்துவிட்டது.

பிரோவின் மூடி நமக்குச் சொல்லும் பாடம், நல்ல பொதி மனித சுபாவத்தை ஏற்றுக்கொண்டு தொடங்குகிறது என்பது. களைத்துப்போன தாய் போத்தலை மேசையில் மறந்து விடுவாள். அதைக் குற்றமாகச் சொல்லாமல், மறந்தாலும் ஆபத்து இல்லாத போத்தலைச் செய்.

ஆனால் குழந்தையைத் தடுத்த மூடி, மூட்டுவாதம் பிடித்த விரல்களையும் தடுத்தது. திறக்கவே இயலாமல் மூடியைக் கழற்றி வைத்த முதியவர்கள், வேறு போத்தலில் கொட்டி வைத்த முதியவர்கள் ஏராளம். பேரப்பிள்ளை வரும் வீட்டில் அது முன்பைவிட மோசமான நிலை. ஏன் இப்படி ஆயிற்று என்று பார்த்தால் ஒரு சுவையான விபரம் கிடைக்கிறது. அமெரிக்க விதிப்படி ஒரு மூடியைச் சோதிக்க, மூன்றரை முதல் நாலே கால் வயதுள்ள குழந்தைகளிடம் அதைக் கொடுப்பார்கள். ஐந்து நிமிடம். பிறகு ஒருவர் திறந்து காட்டுவார், பல்லையும் பயன்படுத்தலாம் என்று சொல்வார், மேலும் ஐந்து நிமிடம். நூற்றுக்கு 85 பேர் முதல் ஐந்து நிமிடத்திலும், 80 பேர் முடிவிலும் தோற்க வேண்டும். பெரியவர்களிடமும் சோதனை உண்டு. அந்தப் பெரியவர்கள் ஆரம்பத்தில் 18 முதல் 45 வயதுக்காரர்கள்! குளிசை அதிகம் எடுக்கும் வயதுக்காரர் அந்தக் கூட்டத்தில் இல்லை. 1995இல்தான் விதி மாறி, 50 முதல் 70 வயதுள்ளவர்களில் நூற்றுக்கு 90 பேர் திறக்க வேண்டும் என்றானது. சோதனைக் கூடத்துக்குள் கிழவர்களை அழைத்த பிறகே கிழவர்களுக்கான மூடிகள் வரத் தொடங்கின. எழுபதைத் தாண்டியவர்கள் இன்னமும் அந்தக் கணக்கில் இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும். (மூடி திறக்கக் கடினமாக இருந்தால், குழந்தைகள் இல்லாத வீடு என்று மருந்தாளரிடம் சொல்லிச் சாதாரண மூடி கேட்டு வாங்கலாம். பலருக்கு இது தெரியாது.)

யார் சோதனையில் இருக்கிறாரோ அவருக்காகவே பொதி அமைகிறது. இதை மனதில் வைத்துக்கொண்டு அடுத்ததற்குப் போவோம்.

கத்தரிக்கோலும் கடதாசிச் சரையும்

1982இல் சிக்காகோ வட்டாரத்தில் யாரோ ரைலனோல் போத்தல்களுக்குள் சயனைட் கலந்து வைத்ததில் 7 பேர் இறந்தார்கள். செய்தவர் யார் என்று இன்றுவரை நிரூபிக்கப்படவில்லை. கொம்பனி ஏறக்குறைய 3 கோடியே 10 இலட்சம் போத்தல்களைத் திருப்பி எடுத்தது. அதன் பிறகு வந்தவைதான் ஒட்டிய பெட்டி, கழுத்தைச் சுற்றிய பிளாஸ்ரிக் வளையம், வாயை மூடிய தாள். யாரும் தொடவில்லை என்பதற்கு ஒரு சாட்சி.

ஊரில் இந்தச் சாட்சி கத்தரிக்கோலால் போய்விடுகிறது. தமிழ்நாட்டு மருந்துக்கடையில் பத்துக் குளிசை அட்டையில் மூன்றை வெட்டித் தருவார்கள். ஏழைக்கு அது உதவிதான், குறை சொல்ல முடியாது. ஆனால் காலாவதித் திகதி அச்சடித்த முனை கடையிலேயே தங்கிவிடும். பெயரில் பாதி எழுத்து போய்விடும். இலங்கையின் அரச வைத்தியசாலைகளில் பெரிய போத்தலில் இருந்து எண்ணி, சின்னக் கடதாசி உறையில் போட்டு, காலை ஒன்று இரவு ஒன்று என்று பேனாவால் எழுதித் தருவார்கள். எங்கள் பெற்றோர் பழகிய பொதி அந்தச் சரைதான். ஈரத்தை அது தடுக்காது, குழந்தையைத் தடுக்காது. ஆனால் ஒரு மனிதர் முகம் பார்த்துச் சொல்லி, எழுதிக் கொடுத்தது. வாசிக்கத் தெரியாதவருக்கும் எத்தனை கோடு என்று புரிந்தது.

அந்தச் சரையில் இருந்து நேரே மொன்றியல் மருந்தகத்துக்கு வந்தவர்கள் நாங்கள்.

நாலு நிறப் பெட்டி

பல மருந்து எடுக்கும் முதியவர்களுக்குக் கியூபெக் மருந்தகங்கள் வாரத்துக்கு ஒரு அட்டை தயாரித்துத் தருகின்றன. பிலுலியே என்பார்கள். ஏழு நாள், நாலு வேளை, 28 குழிகள். அஞ்சறைப் பெட்டியை நீட்டிச் செய்தது போலிருக்கும். ஒவ்வொரு குழியிலும் அந்த வேளைக்கு உரிய குளிசைகள் எல்லாம் ஒன்றாக இருக்கும். எடுத்தோமா இல்லையா என்று மறந்தவர் குழியைப் பார்த்தால் போதும். ரொறன்ரோவில் இருக்கும் மகள் தொலைபேசியில், "அம்மா, செவ்வாய்க்கிழமைப் பெட்டி காலியே?" என்று கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். நீண்டகால நோய்களுக்கு மருந்து எடுப்போரில் வளர்ந்த நாடுகளிலேயே பாதிப் பேர்தான் சொன்னபடி எடுக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2003இல் எழுதியது. அந்தக் கணக்கோடு பார்த்தால் இந்த அட்டை பெரிய உபகாரம்.

இந்த அட்டையை வைத்து ஒரு வழக்கும் நடந்தது. டிஸ்பில், டிஸ்ட்ரிமெடிக் என்ற இரு கியூபெக் நிறுவனங்களுக்கு இடையிலான வழக்கில் கனடாவின் கூட்டாட்சி நீதிமன்றம் 2013இல் தீர்ப்புச் சொன்னது. வேளைக்கு ஒரு நிறம் என்ற வரிசையை டிஸ்பில் தன் வணிகச் சின்னமாகப் பதிந்திருந்தது. நிறம் இங்கே அலங்காரம் இல்லை, எந்த வேளை என்று நோயாளிக்குக் காட்டும் வேலையைச் செய்கிறது, ஆகவே அதை ஒருவர் சின்னமாக வைத்திருக்க முடியாது என்பது தீர்ப்பின் சாரம். வணிகச் சட்டத் தகராறுதான். ஆனாலும் நிறமும் ஒரு மொழி, அது நோயாளியோடு பேசுகிறது என்பதை ஒரு நீதிமன்றம் ஏற்றுக்கொண்டதாக நான் இதை வாசிக்கிறேன்.

நிறம் பேசுகிறது. கூடவே அச்சடித்திருக்கும் சொற்கள் யாரோடு பேசுகின்றன? மத்தான், மிதி, சூப்பே, கூஷே. காலை, மதியம், இராச்சாப்பாடு, படுக்கை. கியூபெக்கில் சூப்பே என்றால் மாலை ஐந்து, ஆறு மணிச் சாப்பாடு. எங்கள் வீடுகளில் இராச்சாப்பாடு எட்டுக்கும் ஒன்பதுக்கும். சாப்பாட்டோடு எடுக்க வேண்டிய சீனிக் குளிசையை ஒருவர் ஐந்து மணிக்கு வெறும் வயிற்றில் எடுக்கிறார். இன்னொருவர் ஒன்பது மணிக்குச் சூப்பேயையும் கூஷேயையும் சேர்த்து விழுங்குகிறார். இருவருமே சொன்னபடி செய்தவர்கள்தான். இதில் பாரிஸ் வழியாக வந்தவர்களுக்கு இன்னொரு பொறி. பிரான்சில் தீனே என்றால் இராச்சாப்பாடு. கியூபெக்கில் அதே சொல் மதியச் சாப்பாடு. லா ஷப்பேலில் பிரெஞ்சு பழகியவரோ புதுச்சேரியில் படித்தவரோ, தீனேயோடு ஒன்று என்பதை இரவுக்கு என்று எடுத்துக்கொண்டால் அவர்மேல் பிழை சொல்ல முடியுமா?

கந்தசஷ்டிக்கு ஆறு நாள் விரதம் இருக்கும் அம்மாமார் இங்கும் இருக்கிறார்கள். 28 குழிக்குள் விரதத்துக்கு இடமில்லை. நீரிழிவுக்காரர் உண்ணாமல் மருந்தை மட்டும் எடுத்தால், மருந்தைப் பொறுத்து, சீனி ஆபத்தாக இறங்கலாம். மருந்தாளரிடம் முன்கூட்டிச் சொன்னால் வழி செய்ய முடியும். சொல்வதற்கு மொழி வேண்டும், கேட்கலாம் என்ற துணிவும் வேண்டும்.

அட்டையில் இன்னொரு இழப்பும் உண்டு. தனித்தனிப் போத்தலில் இருந்த குளிசைக்கு ஒரு பெயர் இருந்தது. குழிக்குள் எல்லாம் கலந்த பிறகு வெள்ளை, மஞ்சள், நீட்டு, வட்டம் என்பதே பெயராகிறது. எங்கள் வீடுகளில் பிரஷர் குளிசை என்பது ஒரு நிறம். மருந்தகம் கொம்பனியை மாற்றினால் அதே மருந்து வேறு நிறத்தில் வரும். "இது என்ர குளிசை இல்லை" என்று எடுத்து வைத்துவிடும் பாட்டிகள் உண்டு. வேறு ஒன்று என்று நினைத்துப் பழையதையும் சேர்த்து எடுப்பவர்களும் உண்டு. குழியின் மேல் பெயர் அச்சிட்டிருந்தாலும் அது எறும்பு எழுத்து.

எல்லா மருந்தும் இந்த அட்டைக்குள் போகவும் முடியாது. இரத்தம் உறைவதைத் தடுக்கும் டபிகட்ரான் ஈரத்துக்கு ஆகாது, வந்த பொதியில்தான் இருக்க வேண்டும். நெஞ்சுவலிக்கு நாக்கின் கீழ் வைக்கும் நைட்ரோகிளிசரின் அதன் கண்ணாடிக் குப்பியை விட்டு வெளியே வந்தால் வீரியம் போய்விடும். ஆகவே அட்டைக்கு வெளியேயும் மருந்து இருக்கும், அதையும் நினைவு வைக்க வேண்டும். எல்லாவற்றையும் நாமே ஒரு டப்பாவில் போட்டு ஒழுங்குபடுத்துகிறோம் என்று இறங்கும் பிள்ளைகள் இதைக் கேட்டறிந்த பிறகு செய்வது நல்லது.

தமிழில் எழுதத் தடை உண்டா?

கியூபெக்கில் பிரெஞ்சு தவிர வேறு மொழிக்கு இடமில்லை என்று நம்மவர்கள் பலர் நினைக்கிறார்கள். பொருள்களின் மேலுள்ள எழுத்தைப் பற்றிச் சொல்வது பிரெஞ்சு மொழிச் சாசனத்தின் 51ஆம் பிரிவு. பிரெஞ்சு கட்டாயம் இருக்க வேண்டும். அதோடு மொழிபெயர்ப்பு இருக்கலாம். வேறெந்த மொழியும் பிரெஞ்சைவிடத் தூக்கலாக இருக்கக் கூடாது. அவ்வளவுதான். பிரெஞ்சு வரிக்குக் கீழே, 'காலை சாப்பாட்டோடு 1' என்று ஒரு தமிழ் வரி இருப்பதை அந்தப் பிரிவு மறிக்கவில்லை. தடை சட்டத்தில் இருப்பதைவிட வழக்கத்திலும், கணினியிலும், கேட்காமல் இருக்கும் எங்களிடமும்தான் அதிகம்.

பிற இடங்களில் இது நடந்திருக்கிறது. கலிபோர்னியாவில் 2016 முதல், நோயாளி கேட்டால் மருந்து எடுக்கும் முறையைச் சீனம், கொரியம், ரஷ்யன், ஸ்பானியம், வியற்நாம் மொழிகளில் தர வேண்டும். நியூயோர்க் மாநிலத்திலும் பெரிய மருந்தகங்களுக்கு இதுபோன்ற கடமை உண்டு. அங்கே அடிக்கடி எடுத்துச் சொல்லப்பட்ட உதாரணம் ஒன்று: ஒரு தரம் என்பதற்கான ஆங்கிலச் சொல்லின் எழுத்துகள், ஸ்பானிய மொழியில் பதினொன்று என்ற எண்ணுக்கான எழுத்துகளும் அவையே. நாளுக்கு ஒன்று எங்கே, பதினொன்று எங்கே!

மொழி தெரிந்தவர்களுக்கே எழுத்தின் அமைப்பு காலை வாரும். அமெரிக்காவில் டெபோரா அட்லர் என்ற வடிவமைப்பு மாணவியின் பாட்டி, தவறுதலாகத் தாத்தாவின் மருந்தை விழுங்கிவிட்டார். ஹெலன், ஹேர்மன் என்ற இருவரின் பெயரும் ஒரே எழுத்தில் தொடங்கும், போத்தல்களும் ஒரே மாதிரி. அட்லர் போத்தலைத் தலைகீழாக நிற்க வைத்தார். தட்டையான முகம், மருந்தின் பெயர் பெரிய எழுத்தில், வீட்டில் ஆளுக்கொரு நிற வளையம். ராகெற் கடைகள் 2005இல் அதைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தன. நியூயோர்க் நவீன கலை அருங்காட்சியகம் அதைத் தன் சேகரிப்பில் வைத்தது. 2015இல் அந்த மருந்தகங்கள் வேறு நிறுவனத்துக்கு விற்கப்பட்டபோது பழைய வட்டப் போத்தல் திரும்பி வந்தது. அருங்காட்சியகத்தில் இடம் கிடைத்தது, அலுமாரியில் கிடைக்கவில்லை. வாடிக்கையாளர்கள் முறையிட்டார்கள். நல்ல வடிவம் தானாக நிலைத்துவிடாது, அதைக் கேட்டு வாங்கும் ஆட்கள் தொடர்ந்து வேண்டும்.

இப்போது புதிய நம்பிக்கை கியூ.ஆர். குறி. இந்தியாவில் 2023 ஆகஸ்ட் முதல் 300 மருந்து வகைகளின் உறையில் அது கட்டாயம். போலி மருந்தைப் பிடிக்க நல்லது. ஆனால் அறிவுறுத்தலையும் உறையில் இருந்து கைபேசிக்கு மாற்றிவிடலாம் என்ற எண்ணம் பரவுவது எனக்கு அச்சமாக இருக்கிறது. இரவு பத்து மணிக்குக் கண்ணாடி இல்லாமல் குழியைத் தடவிப் பார்க்கும் எண்பது வயதுக்காரர் கைபேசியை நீட்டிப் படம் பிடித்து வாசிப்பார் என்று யார் எண்ணுகிறார்கள்? அதே குறியைத் தட்டினால் தமிழில் ஒரு குரல் சொல்லுமானால் கதை வேறு. அதைச் செய்யத் தொழில்நுட்பம் இருக்கிறது. செய்யச் சொல்லும் ஆள் இல்லை.

கோயில்களும் ஊர்ச் சங்கங்களும் முதியோர் மன்றங்களும் எங்களிடம் இந்நகரில் உண்டு. அவர்கள் செய்யக்கூடியது பெரிய காரியம் இல்லை. நாலு வேளைக்கும் சூரியன், சோற்றுக் கோப்பை, விளக்கு, கட்டில் என்று படமும், கீழே பிரெஞ்சும் தமிழும் கொண்ட ஒரு ஒட்டுத்தாள். அதை ஒரு மருந்தாளர் சரிபார்த்துத் தர வேண்டும். இராச்சாப்பாடு எத்தனை மணிக்கு, விரதம் உண்டா, யார் வாசித்துச் சொல்வார் என்ற மூன்று விபரங்களை முதல் நாளே மருந்தகத்தில் பதிந்து வைக்க வேண்டும். கியூபெக்கில் மருந்தகத்தின் உடைமையாளர் ஒரு மருந்தாளராகவே இருக்க வேண்டும் என்பது சட்டம். ஆகவே கேட்க வேண்டிய ஆள் தொலைதூரத் தலைமையகத்தில் இல்லை, மேசைக்கு அந்தப் பக்கம் நிற்கிறார்.

அமெரிக்க விதி ஐம்பது வயதுக்காரரைச் சோதனைக்கு அழைக்க 25 வருடம் ஆயிற்று. வீட்டிலுள்ள அம்மாவிடம் இந்த வார அட்டையைக் கொடுத்து, எதை எப்போது எடுப்பீர்கள் என்று சொல்லிக் காட்டச் சொல்ல ஐந்து நிமிடம் போதும்.